பதினோராம் சனலை விடுங்கோ

வைஃபை காற்றில் வருகிறது என்று யாராவது சொன்னால் எனக்குச் சிரிப்பு வரும். யாழ்ப்பாணக் கரையோரம், குருநகரில் எங்கள் ஒழுங்கையில் அது என் மனைவி ஸ்ரெல்லாவின் வாயிலிருந்துதான் வருகிறது. சின்னத் தெரு, மொத்தம் பதினாறு வீடுகள். ரவுட்டரை எந்த மூலையில் வைப்பது, அலுமாரிக்கு மேலேயா மாதா படத்துக்குப் பக்கத்திலா, கடவுச்சொல்லை யாருக்குச் சொல்லலாம் யாருக்குச் சொல்லக்கூடாது, எல்லாம் அவள் தீர்ப்பு. காலையில் நான் பிளேன்ரீயைக் கையில் எடுத்தவுடன் மதிலுக்கு மேலால் ஒரு தலை எட்டிப் பார்க்கும்.

"ஸ்ரெல்லா அக்கா, படம் சுத்திக்கொண்டே நிக்குது. ஒருக்கா வாங்கோவன்."

அவள் போய்விடுவாள். அடுப்பில் இருக்கிற புட்டை நான்தான் இறக்க வேண்டும்.

என் பெயர் சந்தியோகு. கடற்தொழில் செய்கிறேன். மனைவியைப் பற்றி எழுத உனக்கு என்ன தகுதி என்று கேட்பீர்கள். முப்பது வருஷமாக அவளிடம் ஏச்சு வாங்குகிறவன், இதைவிட வேறென்ன வேண்டும்?

அவள் கம்பியூட்டர் படித்தவள் அல்ல. படித்தது வயர்லெஸ் செற். போன் இவ்வளவு மலியாத காலத்தில் எங்கள் கரையில் மீனவர் சங்கக் கட்டடத்துக்குள் ஒரு செற் இருந்தது. படகுகளில் சின்னச் செற்றுகள். கடலுக்குப் போனவன் கூப்பிட்டால் கேட்பதற்குக் கரையில் ஓர் ஆள் இருக்க வேண்டும். ஆண்கள் எல்லாரும் கடலில், செற்றுக்கு முன்னால் யார் இருப்பது? "நான் இருக்கிறன்" என்று ஸ்ரெல்லா போய் உட்கார்ந்தாள். பன்னிரண்டு வருஷம் இருந்தாள். கடலில் அவளுக்குப் பெயர் கிடையாது. "கரை, கரை, கேக்குதே?" என்று கூப்பிடுவோம். "கேக்குது, சொல்லு" என்பாள். அந்த இரண்டு சொல்லைக் கேட்டால் போதும், வலையை இழுக்கத் தொடங்குவோம்.

அவளிடம் இரண்டு சட்டம் இருந்தது. முதலாவது, சனலை மாற்றக் கூடாது. எங்கள் படகுகள் முழுக்கப் பதினோராம் சனல். அங்கே இரைச்சலாக இருக்கிறது என்று ஒருவன் வேறு சனலுக்குப் போனால் அவன் கூப்பிடுவது கரைக்குக் கேட்காது. "மாறிப் போனவனை நான் எங்கை தேடுறது?" என்று ஏசுவாள். இரண்டாவது, ஒருவனுக்கு ஆபத்து என்றால் அவள் ஒரு கட்டளை போடுவாள்: "எல்லாரும் சனலை விடுங்கோ." அவ்வளவுதான். கடலில் எத்தனை படகு நின்றாலும் அத்தனை பேரும் பொத்தானிலிருந்து விரலை எடுத்துவிடுவார்கள். அந்த ஒருவன் மட்டும் கதைப்பான்.

ஒருநாள் அந்த ஒருவன் நான். எஞ்சின் நின்றுவிட்டது. செற்றில் பற்றறி சாகக் கிடந்தது. நான் கூப்பிடுகிறேன், எனக்கு மேலால் கிறகோரி தான் பிடித்த கணவாயின் பெருமையைப் பேசிக்கொண்டிருக்கிறான். மூன்றாம் வீட்டுக் கிறகோரிதான், அன்றும் இன்றும் வாய் ஓயாதவன். திடீரென்று அவள் குரல் வந்தது. "எல்லாரும் சனலை விடுங்கோ. சந்தியோகு கதைக்கப் போறார்." கிறகோரி கூட வாயை மூடினான்! அந்த அமைதியில்தான் என் குரல் அவளுக்குக் கேட்டது. நான் நின்ற இடத்தைச் சொன்னேன், முன்வீட்டு ஜெறோம் தன் படகில் வந்து என்னைக் கட்டி இழுத்தான். கரையில் இறங்கியதும் கட்டிப்பிடித்து அழுவாள் என்று நினைத்தேன். "பற்றறியைச் சார்ஜ் பண்ணாமல் கடலுக்குப் போற மனுசனும் ஒரு மனுசனோ?" என்று சந்தி சிரிக்க ஏசினாள்.

பிறகு எல்லார் கையிலும் போன் வந்தது, செற் பழுதாகி மூலைக்குப் போனது. ஒழுங்கையில் முதல் ரவுட்டர் எங்கள் வீட்டுக்குத்தான் வந்தது. அதைச் சுவரில் பூட்ட வந்த கொம்பனிப் பெடியன் போன பிறகு ஸ்ரெல்லா போனில் அதன் உள்வீட்டைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தாள். ஓரிடத்தில் விரல் நின்றது. 'சனல்' என்று இருந்தது. ஊரை விட்டுப் போன கூட்டாளியைக் கண்டது போல முகம் மலர்ந்தது. அதற்குப் பக்கத்தில் 'ஓட்டோமற்றிக்' என்று இருந்ததைப் பார்த்ததும் சுருங்கியது.

"இஞ்சருங்கோ, இது தானாகச் சனலை மாத்துமாம்."

"நல்லதுதானே," என்றேன்.

"என்ன நல்லது? கேட்டுக் கேள்வியில்லாமல் மாறுறது நல்லதோ?" ஓட்டோமற்றிக்கை நிறுத்திவிட்டுத் தன் கையால் பதினொன்றில் வைத்தாள்.

அடுத்த வீட்டுக்கு ரவுட்டர் வந்தது, பதினொன்று. அதற்கடுத்த வீடு, பதினொன்று. வருஷத்துக்கு வருஷம் வீடு கூடியது, அவளும் போய்ப் போய் எல்லாவற்றையும் ஒரே சனலில் கட்டி வைத்தாள். "பதினொண்டில விட்டிருக்கிறன், கை வையாதேங்கோ" என்று ஒவ்வொரு வீட்டுக்கும் உத்தரவு. ஒன்றிலிருந்து பதினொன்றுவரை எண்கள் இருப்பதைப் பார்த்த கிறகோரி, பெரிய எண்தான் பெரிய வேகம் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தான். அது பிழை என்று ஸ்ரெல்லாவுக்குத் தெரியும். ஆனாலும் மறுக்கவில்லை. தன் சனலைப் புகழ்ந்தால் யாருக்குத்தான் கசக்கும்?

பின்னேரமானால் எல்லா வீட்டிலும் படம் இழுத்து இழுத்து ஓடும். அதற்கு அவள் கொம்பனியைத் திட்டினாள், சுவரைத் திட்டினாள், மழையைத் திட்டினாள், என் பழைய போனையும் விட்டு வைக்கவில்லை. பதினொன்றை மட்டும் திட்டவில்லை.

இப்படி இருக்கும்போதுதான் லவீனாவின் கல்யாணம் வந்தது.

லவீனா என்னைக் கட்டி இழுத்து வந்த ஜெறோமின் ஒரே மகள். ஜெறோம் பிரான்சுக்குப் போய் ஒன்பது வருஷம். போகும்போது பிள்ளைக்குப் பதினைந்து வயது. அவனுக்கு இன்னும் விசாக் காகிதம் கிடைக்கவில்லை. வெளிக்கிட்டு வந்தால் திரும்பிப் போக முடியாது, போகாவிட்டால் அவன் காசில் கட்டுகிற வீடும் கல்யாணமும் அந்தரத்தில் நிற்கும். ஆகவே மகளின் கல்யாணத்துக்குத் தகப்பன் இல்லை.

எங்கள் ஆட்களிடம் ஒரு வழக்கம் உண்டு. பொம்பிளை கோயிலுக்கு வெளிக்கிட முன்னம் வீட்டு விறாந்தையில் தாய் தகப்பனுக்கு முன்னால் முழந்தாளில் இருப்பாள். இருவரும் அவள் நெற்றியில் சிலுவை அடையாளம் இட்டு ஆசீர்வதிப்பார்கள். அதன் பிறகுதான் காரில் ஏறுவாள். கோயிலில் சுவாமியார் ஆயிரம் ஆசீர்வாதம் கொடுத்தாலும் இந்த ஒன்று வீட்டில் நடக்க வேண்டும். ஜெறோம் பரிஸிலிருந்து பெரிய ரீவியில் வருவது, அங்கே அவன் கை சிலுவை போட இங்கே தாய் றொசாந்தியின் கை அதே நேரத்தில் பிள்ளையின் நெற்றியில் போடுவது என்று பேசி வைத்திருந்தார்கள்.

கிழமை தொடங்கும்போதே ஜெறோம் ஸ்ரெல்லாவுக்குப் போன் எடுத்தான்.

"அக்கா, எனக்குக் கோயில் வீடியோ வேண்டாம், மண்டபம் வேண்டாம், ஒண்டும் வேண்டாம். அந்த ஒரு நிமிஷத்தை மட்டும் அறாமல் தாங்கோ."

"நீ பயப்படாதை. நான் இருக்கிறன்," என்றாள்.

போனை மேசையில் வைத்தாள். அவளுடைய கண்ணில் தண்ணீர் இருந்ததை நான் பார்த்தேன். பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

றொசாந்தியின் வீடு நீட்டு வீடு. ரவுட்டர் வாசல் அறையில், ரீவி பின் விறாந்தையில், இடையில் சுண்ணாம்புக்கல்லால் கட்டிய இரண்டு தடித்த சுவர்கள். ஒரு பெட்டியின் அலை அதைத் தாண்டாது. அதனால் ஸ்ரெல்லா ஏற்கெனவே மெஷ் பூட்டியிருந்தாள். மூன்று பெட்டிகள், ஒன்று பிடித்ததை மற்றது வாங்கிக் கடத்தும். மூன்றும் ஒரே சனலில் பேசும். எந்தச் சனல் என்று நான் சொல்லத் தேவையில்லை.

வியாழக்கிழமை ஒத்திகை. லவீனா வீட்டுச் சட்டையோடு முழந்தாளில் இருந்தாள். ரீவியில் ஜெறோம் வந்தான், கையைத் தூக்கினான், அப்படியே நின்றுவிட்டான். வாய் திறந்தபடி, ஒரு கண் அரைவாசி மூடியபடி. றொசாந்தி சிலுவை போட்டு முடித்து, கையைச் சேலையில் துடைத்தும் ஆயிற்று. அரை நிமிஷம் கழித்து ஜெறோமின் கை கீழே வந்தது. லவீனா முதலில் சிரித்தாள். மூன்றாம் தரமும் அப்படியே நடந்தபோது சிரிக்கவில்லை. "அப்பா அப்பிடி விறைச்சு நிக்கேக்கை எனக்கு ஏதோ மாதிரிக் கிடக்கு," என்று எழும்பி அறைக்குள் போய்விட்டாள்.

அன்றைக்கு மாப்பிள்ளையின் அக்கா ஜெயந்தினி, பொம்பிளையின் சட்டை அளவு பார்க்க நெல்லியடியிலிருந்து வந்திருந்தாள். யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் பல்கலைக்கழகக் கம்பஸுக்குப் பக்கத்தில் கம்பியூட்டர் வகுப்பு நடத்துகிறவள். தன் போனில் எதையோ திறந்து விறாந்தையில் நின்றபடியே பார்த்தாள். பக்கத்தில் இருக்கிற ஒவ்வொரு வைஃபையும் ஒரு சின்ன மலை போல அதில் தெரியும், எந்தச் சனலில் இருக்கிறதோ அந்த எண்ணுக்கு மேலே மலை நிற்கும்.

"அன்ரி, இதைப் பாருங்கோ. ஒண்டிலை ஒருத்தரும் இல்லை. ஆறிலை ஒருத்தரும் இல்லை. முழுப்பேரும் பதினொண்டிலை குவிஞ்சு போய் நிக்கினம். ஆர் இப்பிடிச் செய்து வைச்சது?"

றொசாந்தி தலைக்கு மேல் சுழன்ற காற்றாடியைப் பார்த்தாள். நான் என் செருப்பைப் பார்த்தேன்.

"நான்தான்," என்றாள் ஸ்ரெல்லா.

ஜெயந்தினி நல்ல பிள்ளை. முகம் சிவந்துவிட்டது. ஆனாலும் சொல்ல வேண்டியதைச் சொன்னாள். வயர்லெஸ் செற்றில் ஒருவர் கதைக்க மற்றவர்கள் கேட்பார்கள், அதனால் எல்லாரும் ஒரே சனலில் நிற்கலாம். வைஃபையில் பதினாறு வீடும் நாள் முழுக்கக் கதைத்துக்கொண்டே இருக்கும். ஒரே சனல் என்றால் ஒவ்வொரு பெட்டியும் மற்றது ஓயும்வரை காத்து நிற்க வேண்டும். அந்தக் காத்து நிற்பில்தான் ஜெறோம் வாயைத் திறந்தபடி நிற்கிறான். ஒழுங்கை முழுக்க ஓட்டோமற்றிக்கில் விட்டால் பெட்டிகளே இடம் பார்த்துப் பிரிந்துகொள்ளும் என்றாள்.

ஸ்ரெல்லாவுக்கு அந்தச் சொல்லே பிடிக்காது. ஆனால் அறைக்குள் லவீனா மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. "சரி பிள்ளை, வாரும்," என்று எழும்பினாள். இருவரும் வீடு வீடாகப் போய் எல்லாவற்றையும் ஓட்டோமற்றிக்கில் விட்டார்கள். பொழுதுபட மறுபடி ஒத்திகை பார்த்தோம். ஜெறோம் கண்ணாடியில் தெரிவது போலத் தெரிந்தான். அவனுடைய மீசையில் நரை விழுந்ததைக்கூடக் கண்டோம். ஸ்ரெல்லா வீட்டுக்கு வந்து சோறு போட்டாள். உப்பு இரண்டு தரம் போட்டிருந்தாள்.

வெள்ளி காலை கடைசி ஒத்திகை. ஜெறோம் கையைத் தூக்கினான். படம் அடியோடு போய்விட்டது. அரை நிமிஷத்தில் திரும்பி வந்தது. இன்னொரு தரம் தூக்கினான், படம் போகவில்லை. மூன்றாம் தரம், போயிற்று.

ஜெயந்தினி போனைப் பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்தாள். "எல்லாம் ஓடித் திரியுது அன்ரி. ஒரு பெட்டி ஆறுக்குப் போகுது, அங்கை இருந்தது நெரிசல் எண்டு ஒண்டுக்கு ஓடுது. ஒண்டிலை நிண்டது பதினொண்டுக்கு. எங்கடை பெட்டியும் சேர்ந்து ஓடுது. ஓடுற நேரத்திலை எல்லாற்றை கையையும் விட்டிட்டுத்தான் திரும்பப் பிடிக்கும்."

சங்கீதக் கதிரை விளையாட்டுத்தான், பாட்டு நிற்கவே மாட்டேன் என்கிறது. "நான் சொன்னனானே!" என்று ஸ்ரெல்லா துள்ளுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் துள்ளவில்லை. விறாந்தைக் கதிரையில் உட்கார்ந்து இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டாள். கையால் வைத்ததும் பிழைத்தது, தானாக விட்டதும் பிழைத்தது, அடுத்த நாள் கல்யாணம்.

"வயர் இழுத்தால் என்ன?" என்று நான் கேட்டேன்.

முப்பது மீற்றர் வயர் யாழ்ப்பாணப் பட்டினத்தில் எந்தக் கடையிலும் கிடைக்கும். றொசாந்தியின் சம்மதம்தான் கிடைக்காது. "பொம்பிளை நீட்டுச் சட்டையோடை வாற பாதையிலை வயரோ? தடக்கி விழுந்தால் ஆர் பொறுப்பு? போங்கோ அண்ணை, விசர்க்கதை கதையாதேங்கோ."

ஸ்ரெல்லா எழும்பினாள். "ஓடவும் விடேலாது, குவியவும் விடேலாது. ஆளாளுக்கு ஒரு இடம் நான் சொல்லுறன். கல்யாண வீடு தனியப் பதினொண்டிலை நிக்கட்டும். மற்ற வீடுகள் ஒண்டு, ஆறு, ஒண்டு, ஆறு எண்டு மாறி மாறி." ஜெயந்தினி கண்ணை விரித்தாள். "அது சரியா வரும் அன்ரி. ஆனால் பதினைஞ்சு வீட்டுக்கும் போய்ச் சொல்லவேணுமே?"

அதுதானே சங்கதி. கை வையாதே என்று ஆறு வருஷம் சொன்னவள் இப்போது பதினைந்து வாசலில் போய் நின்று, நான் சொன்னதை மாற்று என்று சொல்ல வேண்டும். வெயில் கொளுத்தியது. நான் குடை பிடித்துக்கொண்டு பின்னால் போனேன். எப்படி மாற்றுவது என்று அவரவர் போனிலேயே காட்டிக் கொடுத்தாள். பெரும்பாலான வீடுகளில் ஒன்றும் சொல்லவில்லை. கிறகோரி வீட்டில்தான் சந்தை.

"எனக்கு ஒண்டோ? பத்து நம்பரைக் குறைச்சுப்போட்டியளே அக்கா! அந்தப் பக்கத்து வீட்டுக்காரனுக்கு ஆறு, எனக்கு ஒண்டு. நான் உங்களுக்கு என்ன செய்தனான்?"

"நம்பருக்கும் வேகத்துக்கும் ஒரு தொடர்பும் இல்லையடா."

"ஆறு வருஷமாப் பதினொண்டுதான் திறம் எண்டு சொன்னது ஆர்?"

"நான்தான்," என்றாள் ஸ்ரெல்லா. "பிழை. நான் விட்ட பிழை."

குடை என் கையிலிருந்து சரிந்துவிட்டது. முப்பது வருஷத்தில் அந்தச் சொல்லை அவள் வாயில் நான் கேட்டதில்லை. கேட்ட அன்றைக்கும் பாருங்கள், எனக்குச் சொல்லவில்லை, கிறகோரிக்குச் சொன்னாள்!

சனிக்கிழமை காலை. கோயிலில் ஒன்பதரைக்குப் பூசை, எட்டரைக்கு ஆசீர்வாதம். விறாந்தை நிறையச் சனம். லவீனா வெள்ளைச் சட்டையும் முக்காடுமாக வந்து நின்றபோது றொசாந்தி வாயைப் பொத்திக்கொண்டாள். ரீவியில் ஜெறோம் வந்தான். அங்கே விடிய ஐந்து மணி. யாரோ ஒரு கூட்டாளியின் கோட், தோள் இரண்டும் பெரிது. தலையை எண்ணெய் வைத்து வாரியிருந்தான். பின்னால் சோறு சமைக்கிற பானை தெரிந்தது. படம் கழுவி விட்டது போல இருந்தது. ஸ்ரெல்லா பட்டுச் சேலையோடு பெட்டிக்குப் பக்கத்தில் போனும் கையுமாகக் காவல் நின்றாள். ஜெயந்தினி மாப்பிள்ளை வீட்டில் நிற்க வேண்டியவள், இதைப் பார்க்காமல் போக மாட்டேன் என்று வந்து நின்றாள்.

லவீனா முழந்தாளில் இருந்தாள். ஜெறோம் கையைத் தூக்கினான்.

"பிள்ளை, அப்பா..."

நின்றுவிட்டான். கை மேலே, வாய் திறந்தபடி. வியாழக்கிழமை நின்றது போலவே.

றொசாந்தியின் கை நெற்றிக்குப் போகாமல் பாதியில் நின்றது. லவீனா தலையைத் தூக்கவில்லை. அவளுடைய முக்காடு அசைந்ததை மட்டும் கண்டேன். ஜெயந்தினி ஏற்றிக் கொடுத்த மலைப் படத்தை ஸ்ரெல்லா தன் போனில் பார்த்தாள், நானும் எட்டிப் பார்த்தேன். தனியாக நிற்க வேண்டிய பதினொன்றில் ஆறு மலைகள். முதல் மலையின் பெயர் கிறகோரி. ஒன்று என்ற எண் அந்த அறுவானுக்கு நித்திரையைக் கெடுத்திருக்கிறது. மாற்றுவது எப்படி என்று அவளே காட்டிக் கொடுத்திருந்தாள்; அதை வைத்து அவன் விடியக் காலையே திரும்பப் பதினொன்றுக்கு வந்துவிட்டான். அவனைப் பார்த்து இன்னும் நாலு பேர். கல்யாண நாள் என்பதால் ஒவ்வொரு வீட்டிலும் வெளிநாட்டுச் சொந்தத்தோடு வீடியோவில் சேலை காட்டிக்கொண்டிருந்தார்கள்.

ஐந்து வீட்டுக்கும் ஓடிப் போய் மாற்ற நேரமில்லை. கார் வாசலில் நின்றது. ஸ்ரெல்லா சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வாசலுக்குப் போனாள். ஒழுங்கையின் நடுவில் நின்று, பல வருஷமாக நான் கேட்காத அந்தக் குரலை எடுத்தாள்.

"எல்லாரும் சனலை விடுங்கோ! ஜெறோம் கதைக்கப் போறான்!"

ஒரு தரம்தான் சொன்னாள். அது போதும். எங்கள் ஒழுங்கையில் இருக்கிற ஆண்கள் எல்லாரும் கடலில் அந்தக் குரலுக்கு விரலை எடுத்தவர்கள், பெண்கள் எல்லாரும் கரையில் அந்தக் குரலுக்குப் பக்கத்தில் செபமாலையோடு நின்றவர்கள். எந்தப் பெட்டியில் எந்தச் சனல் என்று யாரும் தேடிக்கொண்டு நிற்கவில்லை. வீட்டு மெயின் சுவிட்சையே கீழே தட்டினார்கள். டக் என்று ஒரு வீடு, டக் என்று அடுத்த வீடு. ரேடியோப் பாட்டு நின்றது, காற்றாடி நின்றது, மிக்ஸி நின்றது. கிறகோரி அரை முகம் சவர்க்கார நுரையோடு வாசலுக்கு ஓடி வந்து, "விட்டிட்டன் அக்கா, விட்டிட்டன்!" என்று கத்தினான். அவளுடைய போனில் மலைகள் ஒவ்வொன்றாகச் சரிந்தன. பதினாறில் ஒன்று மட்டும் நின்றது.

உள்ளே ரீவியிலிருந்து குரல் வந்தது. அவள் போட்ட சத்தம் பரிஸ்வரை போயிருக்கிறது.

"கரை, கரை, கேக்குதே?"

ஸ்ரெல்லா விறாந்தைக்குத் திரும்பி வந்தாள். பன்னிரண்டு வருஷம் செற்றில் அவளைக் கேட்டிருக்கிறேன், புயலிலும் கேட்டிருக்கிறேன், குரல் ஒருநாளும் நடுங்கினதில்லை. அன்றைக்கு நடுங்கியது.

"கேக்குது ஜெறோம். சொல்லு."

ஜெறோம் கையைத் தூக்கினான். றொசாந்தியும் தூக்கினாள். "பிதா சுதன் பரிசுத்த ஆவியின்..." என்று அவன் சொல்லச் சொல்ல, அங்கே அவனுடைய விரல் காற்றில் கீழே வந்தது, இங்கே அவளுடைய விரல் பிள்ளையின் நெற்றியில் கீழே வந்தது. இரண்டும் ஒன்றாக இடமிருந்து வலம் போயின. பிந்தவில்லை. லவீனா நிமிர்ந்து, "அப்பா," என்றாள். "ஓம் பிள்ளை, அப்பா நல்லாப் பாக்கிறன். நீ வடிவாயிருக்கிறாய்," என்றான். விறாந்தையில் அழாத ஆள் இல்லை. நானும் அழுதேன், ஏன் ஒளிக்க வேண்டும்? ஜெயந்தினி கண்ணைத் துடைத்துக்கொண்டு என் காதுக்குள், "அங்கிள், இந்தப் பெட்டியின்ரை செற்றிங்ஸ் எல்லாம் எனக்குப் பாடம். இப்பிடி ஒண்டு அதிலை இல்லை," என்றாள்.

ஒரு நிமிஷம் கேட்டவன் கதைத்துக்கொண்டே இருந்தான். பிள்ளையின் சட்டையைக் கேட்டான், காலில் என்ன செருப்பு என்று கேட்டான், றொசாந்தி சாப்பிட்டாளா என்று கேட்டான், முற்றத்து மாமரம் காய்த்ததா என்றுகூடக் கேட்டான். கார்க்காரன் இரண்டு தரம் எட்டிப் பார்த்துவிட்டுப் போனான். ஆவணி வெயில், ஒழுங்கையில் ஒரு வீட்டிலும் காற்றாடி இல்லை. ஒருவரும் சுவிட்சைத் தொடவில்லை.

நான் வாசலுக்கு வந்தேன். கிறகோரி வெளிக்கதவுப் படலையடியில் நின்றான். நுரை முகத்தில் காய்ந்து போயிருந்தது. மெதுவாக உள்ளே எட்டி, "ஸ்ரெல்லா அக்கா, இனிப் போடலாமே? பூசைக்கு முதல் மிச்சப் பக்கத்தையும் வழிக்கவேணும், உள்ளுக்கை இருட்டு," என்றான்.

ஸ்ரெல்லா திரும்பிப் பார்க்கவில்லை. கையை மட்டும் பின்னால் காட்டினாள்.

"பொறு. அவன் இன்னும் கதைக்கிறான்."

கிறகோரி அப்படியே படியில் உட்கார்ந்துகொண்டான்.